கோட்டுக்குள் ஒரே ஒரு வாக்கு

கார் ஓட்டுவது எனக்குப் பிடிக்காது, ஐயா. அமெரிக்காவில், அதுவும் மிசௌரியில், இதைச் சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அதனால்தான் எங்கள் கடைவீதிக்கு ஒரு டிராம் கொண்டுவர இத்தனை வருடம் நாயாய் அலைந்தேன்.

நகராட்சி கையை விரித்துவிட்டது. மிச்சமிருந்த வழி, தனி வரி வட்டாரம். வரைபடத்தில் ஒரு கோடு போட்டு, உள்ளே இருக்கும் கடைகளின் விற்பனை மீது கொஞ்சம் கூடுதல் வரி வைத்தால், அந்தப் பணத்தில் தண்டவாளம் போடலாம். ஆனால் கோட்டுக்குள் குடியிருப்பவர்கள் வாக்களித்துச் சம்மதிக்க வேண்டும். யாருமே குடியில்லாவிட்டால் கட்டடச் சொந்தக்காரர்களின் வாக்கு போதும். அவர்களை ஏற்கெனவே சரிக்கட்டியிருந்தேன். ஆகவே வீடுகளையெல்லாம் ஒதுக்கி, வளைத்து வளைத்துக் கோடு போட்டேன். எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதுதான்.

பூட்டிக் கிடந்த சலவைக்கடையின் மாடியில் வெர்னா கோஸ்லிக் என்ற தையல்காரி குடியிருந்ததைக் கவனிக்கத் தவறிவிட்டேன். வட்டாரத்தின் ஒரே வாக்காளர். நேரில் போய்க் கேட்டேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சிரித்தார்.

“டிராம் வந்தா என் பஸ்ஸ நிறுத்திடுவீங்க. நான் வாங்குற ரொட்டிக்கும் வரி போடுவீங்க. அதுக்கு நானே ஓட்டும் போடணுமா? நல்லா இருக்குப்பா உன் கதை.”

எனக்குக் கோபம் வரவில்லை. வருத்தம்தான். அந்தக் கட்டடத்தை விலைக்கு வாங்கினேன். வாடகை ஒப்பந்தம் இருந்ததால் காலி செய்யச் சொல்ல முடியவில்லை. ஜனவரியில், வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் கொதிகலன் பழுதாயிற்று. குளிர் தாங்காமல் வெர்னா தன் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார், வாக்கும் கூடவே போய்விடும் என்று நினைத்தேன்.

அவர் போகவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டார்.

“விரலே மடங்கலப்பா. ரிப்பேர்காரன் எப்ப வருவான்?”

“நாளைக்கு வந்துடுவான்மா,” என்றேன். கூப்பிட்டபோதெல்லாம் அப்படித்தான் சொன்னேன். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

வழக்கமாக ஏறும் அம்மாளைக் காணோமே என்று பஸ் ஓட்டுநர்தான் மாடியேறிப் பார்த்தார். இருந்த கோட்டுகளையெல்லாம் போட்டுக்கொண்டு நாற்காலியில் விறைத்துக் கிடந்தாராம்.

கொதிகலன் தானாகப் பழுதாகவில்லை, ஐயா. குழாயைக் கழற்றியது நான். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

கட்டடச் சொந்தக்காரர்கள் மட்டுமே வாக்களித்தார்கள்; ஒருவர்கூட எதிர்க்கவில்லை. சலவைக்கடை வாசலில் வரும் டிராம் நிறுத்தத்துக்கு அவர் பெயரை வைக்கச் சொன்னேன். அந்த வண்டி ஓடுவதை ஒருமுறை கண்ணால் பார்த்திருந்தால், வெர்னாவும் சம்மதமென்றுதான் வாக்களித்திருப்பார்.