உள்ளே எத்தனை பேர்

மணி ஒன்றே முக்கால். நிலா இல்லை, தெருவிளக்கும் இல்லை... இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கும் கிடங்குகள். நடுவில் ஒரே ஒரு கார். ஓட்டிக்கொண்டு போனவர் என் நண்பனுடைய மச்சான். லிஃப்ட் மெக்கானிக். சிரிக்காதீர்கள், பொய் சொல்லுகிற ஆள் இல்லை. பொய் சொல்லத் தெரிந்திருந்தால் இந்நேரம் அந்தக் கம்பெனியில் மேனேஜர் ஆகியிருப்பார்.

அவசரமாகக் கூப்பிட்டிருந்தது ஒரு பதினாலு மாடிக் கட்டடத்திலிருந்து. ஒன்பதாம் மாடிக்குக் கொஞ்சம் மேலே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே நிறைமாதக் கர்ப்பிணி. வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவள்.

"பனிக்குடம் உடைஞ்சிருச்சாம் சார்... ஏதாவது பண்ணுங்க சார்!" வாட்ச்மேன் படிக்கட்டில் முன்னால் ஓடினார்.

உச்சி மாடியில்தான் கன்ட்ரோல் பெட்டி. கையால் இறக்கும் நெம்புகோலை இழுத்துப் பார்த்தார். துருவேறி இறுகிக் கிடந்தது. இனி ஒரே வழி, லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்துக் கட்டளை கொடுக்க வேண்டும். திறந்தார். பொத்தானை அமுக்கினார்.

ஒன்றும் இல்லை.

சார்ஜரை மாட்டினார். வேறு பிளக்கில் மாட்டினார். கம்பெனி கொடுத்த லேப்டாப், பேரன் பேத்தி எடுக்கிற வயது அதற்கு. ஒரு சின்ன விளக்குகூட எரியவில்லை. இன்னொன்று வர இரண்டு மணி நேரம் ஆகும். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

லிஃப்டுக்குள்ளிருந்து இன்டர்காமில் அவள் அலறினாள். "அண்ணா... முடியலண்ணா..."

"பயப்படாதீங்கம்மா. உள்ள இருக்கறவங்க எல்லாரையும் பத்திரமா கூட்டிட்டுப் போயிடறேன்."

இந்தத் தொழிலில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உள்ளே எத்தனை பேர்? அன்றைக்குப் பதற்றத்தில் அவர் அதைக் கேட்கவில்லை.

அப்போது அதே இன்டர்காமில் ஓர் ஆண்குரல். நிதானமாக. "தம்பி... சார்ஜரப் புடுங்கு. அடியில பேட்டரியக் கழட்டு. பட்டன அமுக்கிப் புடிச்சு அறுபது எண்ணு."

புருஷன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அவசரத்தில் ஒரு திருகாணி உருண்டு ஓடியது. பேட்டரி கழன்றது. பொத்தானை அமுக்கிக்கொண்டு எண்ணினார். குரலும் கூடவே எண்ணியது. முப்பத்தொண்ணு... முப்பத்திரண்டு...

நாற்பதில் அவள் சத்தம் நின்றுவிட்டது.

மச்சானுக்கு அழுகை முட்டியது. இரண்டு உயிர் போகிறதே என்று எண்ணுவதை விட்டுவிட்டார்.

"நிறுத்தாத தம்பி... எண்ணு."

அறுபது. பேட்டரியை மாட்டினார். அமுக்கினார். 'விர்ர்' என்று விசிறி சுற்ற, திரை வெளுத்தது. லிஃப்டுக்குள் இருக்கும் எடை 141 கிலோ என்று காட்டியது. கட்டளை கொடுத்தார். லிஃப்ட் மெல்ல இறங்கி ஒன்பதில் நின்றது. கதவு திறந்தது.

அங்கே ஆம்புலன்ஸ்காரர்களோடு காத்திருந்த வாட்ச்மேன் போனில் கத்தினார். "உசுரோட இருக்காங்க சார்! மயக்கம்தான்! தூக்கிட்டுப் போறாங்க!"

"கூட இருந்த அவங்க வீட்டுக்காரர்?"

"யாரு சார்? இவங்க மட்டும்தான் இருந்தாங்க. லிஃப்ட் காலி."

மச்சான் திரையைப் பார்த்தார்.

72 கிலோ.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். எழுபத்திரண்டேதான்... பிறகு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பூஜ்யம்.

பதினாலு மாடியையும் படிக்கட்டிலேயே இறங்கினார். எப்படி இறங்கினோம் என்று இன்றைக்கும் அவருக்கு நினைவில்லை. தாயும் பிள்ளையும் நலம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து வாட்ச்மேனுக்குச் செய்தி வந்தபோது, மச்சான் கார் கதவைத் திறந்துகொண்டிருந்தார். கேட்டதும் அப்படியே உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதார். பிறகு பையைப் பின் இருக்கையில் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

கிடங்குகளைத் தாண்டும்போது காருக்குள் பழைய கிரீஸ் வாடை. கையை முகர்ந்து பார்த்தார். கையில் இல்லை.

டிங்... டிங்... டிங்...

பக்கத்து இருக்கையில் ஆள் இருக்கிறார், பெல்ட் போடவில்லை என்று கார் அடிக்கிற மணி.

திரும்பிப் பார்க்கவில்லை அவர். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு இடது காதோரம் பெல்ட் மெதுவாக இழுபடுகிற சத்தம்...

'டக்.'

மணி நின்றுவிட்டது.