படகுப் பணம் பதினொரு நாள் கண்ணில் படாதது குறித்து

என் பெயர் மார்கரெட். வயது 44. கணவர் பெயர் தேவதாஸ். கோட்டைக்குப்பம், மாதா கோயில் பின்தெருவில் வசித்து வருகிறேன். பி.எஸ்சி. கணிதம் படித்துள்ளேன். ஏரியில் கையால் இறால் பிடிக்கும் பெண்கள் பதினாறு பேர் கொண்ட குழுவுக்குச் செயலாளராக உள்ளேன். குழுவின் படகுப் பணத்தை நான் மறைத்ததாக உறுப்பினர் ஜெபசெல்வி கொடுத்த மனுவின் பேரில் இன்று காவல் நிலையத்தில் ஆஜராகிச் சொல்வதாவது:

எங்கள் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, பிடித்ததைப் போடும் ஓலைக் கூடையான பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு இறால் பிடிப்பதை ஒருவர் படம் எடுத்து இணையத்தில் போட்டார். அதைப் பார்த்து வெளிநாட்டில் உள்ள சிலர் படகு வாங்க உதவுவதாகவும், பிட்காயினாக அனுப்புவது எளிது என்றும் சொன்னார்கள். நான் என் போனில் குழுவுக்கென்று கணக்கு தொடங்கி, பணம் வந்து சேரும் முகவரியை அந்தப் படத்தின் கீழ் போடச் செய்தேன். அது ஒரே முகவரி, மாறாதது. அதில் எவ்வளவு வந்தது என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அப்போது எனக்கு அது நல்லதாகவே பட்டது.

அதன் பிறகு, எங்களிடம் இறால் எடுக்கும் வியாபாரி லோகநாதன் அந்த முகவரியைத் தன் போனில் பார்த்துவிட்டு, கரையில் எல்லோர் முன்பும், "உங்களுக்குத்தான் டாலர்ல கொட்டுதே, இறாலுக்கு இன்னா வெலை கேக்குறீங்க?" என்று சொல்லி, கிலோவுக்கு முப்பது ரூபாய் குறைத்தார்.

அதன் பிறகு ஏலக் கொட்டகையில் கூட்டம் போட்டோம். அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் புது முகவரி கொடுக்கலாம், எல்லாம் ஒரே கணக்கில் சேரும், வெளியாட்கள் மொத்தத்தைப் பார்க்க முடியாது என்றேன். ஒரே குறியீட்டைப் போட்டால் அனுப்புகிறவரின் செயலியே ஒவ்வொரு தடவையும் தனி முகவரி உண்டாக்கிக்கொள்ளும் வழியும் உண்டு, ஆனால் அது பலருடைய போனில் இன்னும் வரவில்லை என்றும் சொன்னேன். உறுப்பினர் சரோஜா, "நான் கை வெச்ச எடத்த ஒருத்தன் நின்னு பாத்தான்னா, மறுநாளு வேற எடம் போவேன். இதுவும் அப்பிடித்தானே" என்றார். அதற்கு ஜெபசெல்வி, "நீ எடம் மாறிக்கோ. பறியில இன்னா கீதுன்னு எங்களுக்கு யாரு காட்டுவா? இப்ப நாங்களும் பாக்குறோம்ல" என்றார். கடைசியில், அனுப்புகிற ஆளுக்கொரு முகவரி என்றும், பணத்தைப் பார்க்க மட்டும் முடிகிற, எடுக்க முடியாத வசதியைச் சரோஜா, ஜெபசெல்வி இருவர் போனிலும் ஏற்றுவது என்றும் முடிவாயிற்று.

மறுநாளே படத்தின் கீழிருந்த முகவரியை எடுத்துவிட்டு, அனுப்பக் கேட்பவர் ஒவ்வொருவருக்கும் புது முகவரி கொடுக்கத் தொடங்கினேன். அந்த வசதியை மட்டும் ஏற்றிக் கொடுக்கவில்லை. ஜெபசெல்வியின் பழைய போனில் செயலி ஏறவில்லை, பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். என்னை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று நானே நினைத்துக்கொண்டதுதான் உண்மையான காரணம். இப்படிப் பதினொரு நாள் ஆயிற்று. பழைய முகவரியில் ஒன்றும் வராததை லோகநாதன் ஜெபசெல்வியிடம் காட்டி, "உங்க பி.எஸ்சி. அக்காவுக்குத் தனிப் படகு வருது போல" என்று சொல்லியிருக்கிறார். அதன் பிறகு ஜெபசெல்வி என் வீட்டுக்கு வந்து பணம் எங்கே என்று கேட்டதற்கு, "உனக்கு எம்மேல நம்பிக்க இல்லியா?" என்று கேட்டேன். அவர் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. அவர் மனு கொடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை.

இன்று உதவி ஆய்வாளர் முன்னிலையில், ஜெபசெல்வி கொண்டுவந்த அவர் தங்கையின் போனிலும் சரோஜாவின் போனிலும் அந்த வசதியை ஏற்றிக் கொடுத்தேன். பதினொரு நாளில் ஒன்பது பேர் ஒன்பது முகவரிகளுக்கு அனுப்பியது முழுவதும் அதில் இருந்தது. எதுவும் எடுக்கப்படவில்லை. ஜெபசெல்வி ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். அதன் பிறகு, இந்த வாக்குமூலம் எழுதப்படும்போது, அவர் வாசல் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, "யக்கா, பத்தாவது ஒண்ணு வந்துகீது" என்றார். என் போன் உதவி ஆய்வாளரின் மேசை மேல் இருந்தது. அந்தப் பத்தாவதை நான் இன்னும் பார்க்கவில்லை.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே உள்ளது, அத்தனையும் உண்மை. பதினொரு நாள் தாமதம் என் தவறு என்று சேர்க்கச் சொன்னேன், இத்துடன் சேர்க்கப்பட்டது.

(ஒப்பம்)
தே. மார்கரெட்