திரைக்குப் பின்னால் ஒலித்த குரலுக்கு

மண்டூரிலிருந்து இயந்திரப் பாதையெனும் மிதவைப் படகேறி, வாவி கடந்து வந்து, நாவும் நடையும் நடிப்பும் நம் பிள்ளைகளுக்கு நல்கிய நாடக ஆசிரியையே! அதட்டலில் இடியும் அன்பில் மழையுமானவரே! இன்று பணி ஓய்வு பெறும் திருமதி வதனி கோணாமலை அவர்களே! வணக்கம்.

முப்பதாண்டுக் காலம் முகம் சுளிக்காமல் பணியாற்றினீர்கள் என்று எழுதினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சுளித்தீர்கள், நன்றாகவே சுளித்தீர்கள். ஒரு சொல் பிசகினால் போதும், திரைக்குப் பின்னாலிருந்து தாங்கள் எடுத்துக்கொடுக்கும் குரல் கடைசி வரிசை வாங்கு வரைக்கும் கேட்கும். நடிகர் வாயசைக்க, நாடகத்தைத் தாங்களே பேசி முடித்த ஆண்டுகளும் உண்டு! ஆனால் பழக்கிய நாடகம் ஒன்றையேனும் தாங்கள் முன்னாலிருந்து பார்த்ததில்லை.

அந்தக் குரல் அடைத்துப்போன நாளின் கதையைச் சபையோர் கேட்கட்டும்.

கடந்த ஆண்டுப் பரிசளிப்பு விழா. வயல் வட்டைக்குத் தண்ணீர் கேட்டு வழக்காடும் உழவருக்கு அரசன் தீர்ப்புச் சொல்லும் நாடகம். ஒத்திகையில் கத்திக் கத்தி ரீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மேடையில் அரசனாக நின்ற நிதுர்ஷனுக்கோ தீர்ப்பே மறந்துவிட்டது. அவன் திரைப்பக்கம் திரும்பிப் பார்க்கிறான். ரீச்சரின் வாயிலிருந்து காற்றுத்தான் வருகிறது. பார்த்துப் பார்த்துப் பழக்கிய பிள்ளைகள் சபை நடுவே தலைகுனியப் போகிறார்களே என்று அஞ்சினார். திரையை மூடிவிடக் கயிற்றைப் பற்றினார்.

அப்போதுதான் மந்திரியாக நின்ற ஜெனிற்றா, யாரும் எழுதாத வசனமொன்றை எடுத்துவிட்டாள்.

"என்ன ராசா, முழிக்கிறீங்க? நீங்க ஓம் எண்டு மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நான் பாக்கிறன்."

"ஓம்!" என்றான் அரசன், போன உயிர் திரும்பியவனாக.

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. மந்திரியே தீர்ப்புச் சொன்னாள். வட்டைக்குத் தண்ணீரும் கிடைத்தது. ஓர் எழுத்து மாறினாலும் பொறுக்காத ரீச்சர் கயிற்றை விட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். தன் குரல் இல்லாமலும் பிள்ளைகள் பேசுவார்கள் என்று அன்று அவருக்குத் தெரிந்தது. அது கொஞ்சம் வலித்தது; அதைவிட இனித்தது.

ஓய்வறியா உழைப்பால் உயர்ந்தவரே! களுதாவளைப் பிள்ளையார் துணையிருக்க, நோயற்ற உடலும் குன்றாத குரலும் கொண்டு பல்லாண்டு வாழ்க! வரும் பரிசளிப்பு விழாவிலும் நாடகம் உண்டு. முன்வரிசை வாங்கில் தங்களுக்கென்று ஓர் இடம் வைத்திருக்கிறோம். வந்து அமர்ந்து பார்ப்பீர்களா?

நீங்க ஓம் எண்டு மட்டும் சொல்லுங்க ரீச்சர். மிச்சத்த நாங்க பாக்கிறம்.

தங்கள் அதட்டலுக்கு ஏங்கப்போகும்
அதிபர், ஆசிரியர், அலுவலர்