ஏரிப் படத்துல ஒரு சிவப்புப் புள்ளி

அழுக்கா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க தம்பி. அது அழுக்குமில்ல, கீறலுமில்ல. அது நான்தான்.

சிரிங்க, பரவால்ல. எங்க வீட்டுக்காரரு எடுத்த ஏரிப் படத்த உங்க கண்காட்சியில செவுரு அகலத்துக்குப் போடப்போறீங்க, சந்தோஷம். ஆனா மரத்தடியில இருக்கிற அந்தப் புள்ளிய அழிச்சிட்டுத்தான் போடுவீங்கன்னா, நான் கையெழுத்துப் போடமாட்டேன். போய்ட்டு வாங்க.

அட, உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. அதுவும் அவரு ஆணி அடிச்சதுதான். மலைய நேரா நிறுத்தத் தெரியும், நாற்காலிய நிறுத்தத் தெரியாது. எங்க கல்யாணத்தன்னைக்குக்கூட மண்டபத்துக்குப் பின்னாடி இருந்த மலையத்தான் எடுத்தாரு. எங்கக்கா கேட்டா, என்ன மாப்ள, பொண்ண ஒரு படம் எடுக்கக் கூடாதான்னு. மலை அசையாம நிக்குது, உங்க தங்கச்சிய நிக்கச் சொல்லுங்கன்னாரு. அக்கா சாகிற வரைக்கும் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. நான் சிரிக்கல.

எங்க விட்டேன்? ஆங், ஏரி. அந்தக் கேமராவே ஒரு ஆள் சுமை. அத நிறுத்துற மூணு கால் ஸ்டாண்டும் ஃபிலிம் பெட்டியும் என் தலையில. ஒரு தடவைக்கு ஒரு ஃபிலிம், கைக்குட்டை அகலம். விடியக்காலை மங்கல் வெளிச்சம், கேமராக் கண்ண நாலு நிமிஷம் தெறந்து வைக்கணும். குறுக்க யாராச்சும் நடந்தா படத்துல விழமாட்டாங்க, நின்னாத்தான் விழுவாங்க. அதனால யாரும் நிக்காம வெரட்டுறது என் வேலை. ஆடு, மாடு, மீன் புடிக்கிறவங்க, எல்லாரையும் வெரட்டியிருக்கேன்.

இந்தப் படம் எடுத்த அன்னைக்கு வெரட்ட ஆளே இல்ல. என்ன தோணுச்சோ, சிவப்புச் சால்வையோட நானே போய் மரத்தடியில நின்னேன். நாலு நிமிஷம், கொசு கடிச்சும் அசையல. அவரு கடிகாரத்தையே பாத்துட்டிருந்தாரு. திரும்பி வந்தேன், ஒரு வார்த்தை கேக்கல. வழக்கம்போல ரெண்டாவது ஃபிலிம மாட்டி இன்னொரு தடவ எடுத்தாரு. எதுக்கும் ரெண்டு எடுப்பாரு, ஒண்ணு கெட்டா இன்னொண்ணு.

படம் பேர் வாங்குச்சு. வந்தவங்க எல்லாம் அது என்ன செடின்னு கேப்பாங்க. அவரு தாடியத் தடவிட்டு அடுத்த படத்தக் காட்டப் போயிடுவாரு. பாத்தாரா, பாக்கலையா? இருபத்தாறு வருஷம் நானும் கேக்கல. வீம்புதான், வேறென்ன. போன வருஷம் அவரும் போய்ச் சேந்துட்டாரு.

ரெண்டாவது ஃபிலிமா? இருக்கே. போன வாரம் என் மருமக அலமாரிய ஒழிக்கிறப்ப கெடச்சுது. அதே மரம், அதே மூட்டம், தூசு தும்பு இல்ல. பிரிண்டே போடல. நீங்க கேக்கிற சுத்தமான படம் அதுதான், தரமாட்டேன். உறை மேல அவரு கையெழுத்துல ஒரு வரி எழுதியிருக்கு. மரத்தடியில அவ இல்ல, இது வேண்டாம்னு.

அவ்ளோதான் தம்பி.

ஏம்மா மருமகளே, அந்த ரெண்டு ஃபிலிம் உறையையும் கொண்டு வா. பூதக்கண்ணாடியும் எடுத்துக்கோ, இவரு நல்லாப் பாக்கட்டும்.