மூன்று விரல் அகலத்தில் ஒரு முகம்

பேச்சு நீண்டால் அடிப்பதற்கென்றே கையில் மணியோடு காத்திருக்கும் அன்புத் தலைவர் அவர்களே! சாரம் கட்டி ஏறி, சளைக்காமல் பூசி, இந்த நகரத்தின் பாதிச் சுவர்களுக்குப் புத்தாடை உடுத்திய மூத்த பெயின்டர் பெருமக்களே! போகாது என்று தெரிந்தும் எங்கள் சட்டைக் கறைகளோடு நாள்தோறும் போராடும் தாய்மார்களே! பட்டி பார்ப்பதிலும் ப்ரைமர் அடிப்பதிலும் எங்களுக்கு இணையாக நிற்கும் சகோதரிகளே! பின்வரிசையில் நின்றுகொண்டு "தீப்பெட்டி, தீப்பெட்டி" என்று கூவிக்கொண்டிருக்கும் என் அருமைத் தம்பிமார்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஆமாம், தீப்பெட்டிதான். பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்தார்கள். அதை இந்தச் சங்கம் மறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. காரணம் இதோ, என் சட்டைப் பையில் இருக்கிறது. எடுத்துக் காட்டுகிறேன். தெரிகிறதா? தெரியவில்லையா? கடைசி வரிசைக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். முன்வரிசைக்கே பாதிதான் தெரியும். மூன்று விரல் அகலம், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம். ஆனால் இது முழு ஸ்மார்ட்போன். படம் பார்க்கலாம், முகம் பார்த்துப் பேசலாம், வழி கேட்கலாம். என்ன, நீங்கள் கேட்ட வழி ஒரு நூல் மாதிரி தெரியும்.

இன்று நம் முன்னால் ஒரு தீர்மானம் இருக்கிறது. கயிற்றில் தொங்கும் பலகையில் நின்று வெளிச்சுவர் பூசுகிறவர்கள், உள்ளங்கையில் அடங்காத போனை மேலே கொண்டுபோகக் கூடாது என்கிற தீர்மானம். இந்த ஊரில் முதல் சின்ன போன்காரன் நான்தான் என்பதால், ஆதரித்துப் பேசு என்று செயலாளர் என்னை ஏற்றிவிட்டார். பேசுகிறேன். ஆனால் அவர் எழுதிக் கொடுத்ததை அல்ல. ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் ஏன் இதை வாங்கினேன்? ஆசையா? அலங்காரமா? சிக்கனமா? பயம், ஐயா, பயம்! அப்போது என்னிடம் இருந்தது செங்கல் அளவு போன். ஆறாவது மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டு, குனிந்து ரோலரை வாளியில் தோய்த்தேன். பையிலிருந்து நழுவியது. பிடிக்கப் போனேன், பலகை ஆடியது. கீழே மணல் சலித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்து சுக்குநூறானது. ஒரு முழம்! நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே பார்க்கிறேன். அந்த அக்கா அண்ணாந்து பார்த்து என்ன கேட்டார் தெரியுமா?

"ஏன் தம்பி, போன்ல யாரு, பொண்டாட்டியா? இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் விழுந்திருந்தா நான்ல போய்ச் சேர்ந்திருப்பேன்!"

சிரிக்கிறீர்கள். அவரும் சிரித்தார். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் கடைக்குப் போய், இருப்பதிலேயே சின்னதாக ஒன்று கொடுங்கள் என்றேன். கடைக்காரர், "கொழந்தைக்கா சார்?" என்றார். "எனக்குத்தான்யா" என்றேன். என் விரலைப் பார்த்தார், போனைப் பார்த்தார், பாவமாக இருந்திருக்க வேண்டும், பேசாமல் எடுத்துக் கொடுத்தார்.

இதன் பெருமையைச் சொல்லவா? பையில் போட்டுப் பொத்தான் மாட்டிவிட்டால் குட்டிக்கரணம் அடித்தாலும் விழாது. இரண்டு கையும் வேலைக்கு. பெரிய போன் இருந்த காலத்தில், வேலை முடிந்து போய்ப் பாயில் சாய்ந்தால், யார் யாரோ எங்கெங்கோ வீடு கட்டுவதை விழுந்து விழுந்து பார்ப்பேன். பகலெல்லாம் சுவர், சாயங்காலமும் சுவர்! இது வந்த பிறகு பத்து நிமிடத்தில் கண் வலிக்கும். வைத்துவிடுவேன். வைத்துவிட்டால் என்ன செய்வது? பேச ஆரம்பித்தேன், ஐயா. என் மனைவியோடு.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்கு நான், எனக்கு அவள். அவள் ஆயத்த ஆடை ஆலையில் துணி வெட்டும் மேசையில் கைதேர்ந்தவள். அந்த ஆலை இடம் மாறியது, ரயிலில் ஒன்றரை நாள் தூரத்துக்கு. ஐந்து வருட ஒப்பந்தம் என்றார்கள். போனாள். வருடத்துக்கு எட்டு நாள் விடுப்பு. மற்ற நாளெல்லாம் இந்தச் சின்னப் பெட்டிதான் எங்கள் வீடு. அவள் இன்று எத்தனை அடுக்குத் துணி வெட்டினாள், விடுதியில் யார் யாரோடு சண்டை, எந்தச் செருப்பு அறுந்தது, எல்லாம் சொல்வாள். ஒரே கூரையின் கீழ் பதினைந்து வருடம் இருந்தோமே, அப்போது பேசியதைவிட இந்த நான்கு வருடத்தில் பேசியது அதிகம். ஏங்கிப்போனவனுக்குத்தான் காது நன்றாகக் கேட்கும்போல.

அவளுடைய உணவு இடைவேளையில் முகம் பார்த்துப் பேசுவோம். நான் மேலே தொங்கிக்கொண்டிருப்பேன், அவள் விடுதிச் சுவரோரம் நிற்பாள். இந்தத் திரையில் அவள் முகம் என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரியும், பின்னால் இருக்கும் சுவரெல்லாம் மங்கல்தான். அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். என் மனைவியை உள்ளங்கையில் வைத்திருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். எவ்வளவு பெருமை எனக்கு, எவ்வளவு பெருமை!

சென்ற ஆண்டு ஒரு நாள். எட்டாவது மாடி. சுவரில் பூசிய பட்டி காய்ந்துகொண்டிருக்கிறது, கல்லாக இறுகுவதற்குள் தேய்க்க வேண்டும். அவள் அழைத்தாள். வழக்கம்போல் ஊர்க்கதை பேசவில்லை.

"என்னங்க, என் மூஞ்சியக் கொஞ்சம் பாருங்களேன். கூட இருக்கற பொண்ணுங்க மஞ்சளா இருக்குன்னு சொல்றாங்க."

பார்த்தேன். மஞ்சளாகத்தான் இருந்தது. பெயின்டர் பெருமக்களே, மஞ்சள் சுவருக்குப் பக்கத்தில் நிற்கிறவர் முகம் எப்படித் தெரியும்? சொல்லுங்கள். பார்த்தீர்களா, அத்தனை பேரும் சொல்கிறீர்கள்! நானும் அதைத்தான் சொன்னேன்.

"அது செவுரும்மா. எவனோ மஞ்சள அடிச்சு வெச்சிருக்கான், அது உம்மேல வீசுது. உனக்கு ஒண்ணுமில்ல."

"இல்லங்க, கண்ணுகூட ஒரு மாதிரியா..."

"இந்த போன்ல உன் கண்ணு கடுகளவு தெரியுது, அதுல நான் என்னத்தப் பாக்குறது? பட்டி காயுது, வெச்சுடவா?"

"சரிங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

வைத்துவிட்டேன். அந்தச் சுவரைப் பிரமாதமாகத் தேய்த்தேன்.

பதினோரு நாள், ஐயா. பதினோரு நாள் அவள் மருந்தில்லாமல் வேலைக்குப் போனாள். பன்னிரண்டாம் நாள் வெட்டும் மேசையிலேயே மயங்கி விழுந்தாள். கூட இருந்த பெண் என்னை அழைத்து, "அண்ணா, அக்காவுக்கு மஞ்சக்காமாலை முத்திப்போச்சாம், ஒடனே கெளம்பி வாங்க" என்று அழுதாள். ஒன்றரை நாள் ரயிலில் நின்றேன், உட்கார்ந்தேன், நின்றேன். மருத்துவர் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "இவ்ளோ மஞ்சளா இருக்காங்க, வீட்ல யாருமே பாக்கலியா?"

பன்னிரண்டு வகை வெள்ளையை வெறும் கண்ணால் பிரித்துச் சொல்கிறவன் நான். வாடிக்கையாளர் வீட்டுக்கு நிறம் தேர்ந்தெடுக்கும்போது நம் தொழிலின் முதல் விதி என்ன? ஷேட் கார்டை விளக்கடியில் வைத்துப் பார்க்காதே, ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்! முகம் தெரியாத மனிதர்களின் சுவருக்கெல்லாம் நான் ஜன்னல் தேடியிருக்கிறேன். என் மனைவியிடம் "ஜன்னல் பக்கம் வாம்மா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லையே! எனக்குத் தொழில் தெரியும் என்கிற திமிர். அந்தத் திமிர்தான் என் கண்ணை மறைத்தது. சின்ன போன் அதற்குத் துணைபோனது.

மாற்றுத் துணி எடுக்க அவள் விடுதிக்குப் போனேன். காவலாளி அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார். வாசலில் இருந்தபடியே அவள் வழக்கமாக நின்று பேசும் இடத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். வெள்ளைச் சுவர், ஐயா. பால் வெள்ளை. அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

நான்காம் நாள் அவளுக்குக் கொஞ்சம் தெளிந்தது. என் தலையைத் தடவினாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"எப்பங்க இப்படி நரைச்சீங்க?"

"ஒரு வருஷமா. தெனம் போன்ல பாக்குறியே?"

"அந்த போன்ல நீங்க எங்க தெரியறீங்க? உங்க போன் கேமராவுல நெழல் மாதிரி ஒரு உருவம் ஆடும். குரல வெச்சுத்தான் நீங்கன்னு தெரிஞ்சுக்குவேன்."

"அடிப்பாவி, சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா பெரிய போன் வாங்குவீங்க. மறுபடி அது நழுவும், நீங்க பிடிக்கப் போவீங்க. தெரியாட்டியும் பரவால்ல, ஆளு பத்திரமா இருந்தாப் போதும்னு விட்டுட்டேன்."

கை தட்டாதீர்கள், தயவுசெய்து தட்டாதீர்கள். இது கைதட்டலுக்கு உரிய கதை அல்ல. எந்த போனில் அவளைப் பார்த்துக் குளிர்ந்தேனோ, அதே போனில் அவள் என்னைப் பார்க்காமலேயே மூன்று வருடம் பேசியிருக்கிறாள். என் உயிருக்காக என் முகத்தை விட்டுக்கொடுத்திருக்கிறாள்.

அவள் பிழைத்தாள். ஓய்வெடுத்தாள். மறுபடி வேலைக்குப் போய்விட்டாள். ஒப்பந்தம் முடிய இன்னும் பதினான்கு மாதம். நாள்காட்டியில் தேதி கிழித்துக் கிழித்து எண்ணிக்கொண்டிருக்கிறேன், அதை மறைக்கப்போவதில்லை.

ஆகவே, தலைவர் அவர்களே, மணியைக் கொஞ்சம் கீழே வையுங்கள், முடிக்கப்போகிறேன். இந்தத் தீர்மானத்தை நான் ஆதரிக்கிறேன். உயரத்தில் சின்ன போன்தான் இருக்க வேண்டும். கீழே மணல் சலிக்கிறவர்களின் உயிர் நம் சட்டைப் பையில் இருக்கிறது. ஆனால் ஒரு வரியைச் சேர்க்கக் கேட்கிறேன். வேலை நடக்கும் கட்டடம் ஒவ்வொன்றிலும், கீழ்த்தளத்தில், ஜன்னலோரமாக ஒரு நாற்காலி. நம் பெரிய போன்களை வைத்துப் பூட்ட ஒரு பெட்டி. பகல் வெளிச்சத்தில் அரை மணி நேரம். கயிற்றில் தொங்குகிறவன் இறங்கி வந்து, முகம் கழுவி, உட்கார்ந்து, தன் வீட்டு மனிதரின் முகத்தை முழுசாகப் பார்க்க ஒரு அரை மணி நேரம்!

என்ன தம்பி? மேஸ்திரி விடமாட்டாரா? மேஸ்திரி இதோ மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார், தலையைக் குனிந்துகொள்கிறார் பாருங்கள். அவர் மகனும் தூரத்தில், கப்பல் வேலையில்தான் இருக்கிறான். மேஸ்திரி ஐயா, அவனை ஜன்னல் பக்கம் வரச்சொல்லி எத்தனை நாளாயிற்று? பட்டி காய்ந்துவிடும் என்பார்கள். காயட்டும்! காய்ந்த பட்டியை நனைத்து மறுபடி தேய்த்துக்கொள்ளலாம். அந்தப் பதினோரு நாளை நான் எதைப் போட்டுத் தேய்ப்பேன்? யாராவது சொல்லுங்கள், எதைப் போட்டுத் தேய்ப்பேன்?

அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். பாருங்கள் என்றாள். நான் பதில் சொன்னேன், பார்க்கவில்லை.

ஜன்னலோர நாற்காலி வேண்டும் என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள். இன்னும் உயரமாக. செயலாளர் ஐயா, எண்ணிக்கொள்ளுங்கள். மேஸ்திரி ஐயா, உங்கள் கையும் தெரிகிறது, ரொம்ப நன்றி. தாய்மார்களே, உங்களுக்கு இங்கே ஓட்டு இல்லை என்று எவன் சொன்னது? நீங்களும் தூக்குங்கள்.

நான் முடித்துக்கொள்கிறேன். பேச விட்ட தலைவருக்கும், அடிக்காமல் இருந்த அவருடைய மணிக்கும், என் மனத்தை இறக்கி வைக்க இடம் கொடுத்த உங்களுக்கும் நன்றி. இப்போது அங்கே உணவு இடைவேளை. அவள் ஜன்னலுக்கு வந்திருப்பாள், நான் இந்த மேடையைவிட்டு இறங்கியாக வேண்டும். எல்லோருக்கும் என் நெஞ்சு நிறைந்த வணக்கம். கொஞ்சம் வழிவிடுங்கள், தம்பிகளா.