தம்போய் நிறுத்தம் நீக்கப்பட்டது

— மென்பொருள் பிரிவின் வரலாற்றில் இன்று ஒரு பொன்னாள், பிரவீனா! புரோகிராமைத் தொடுபவர் எவராயினும் எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்று கமிட் மெசேஜில், அதாவது மாற்றக் குறிப்பில், முழுமையாக எழுத வேண்டும். ‘ஃபிக்ஸ்’ என்ற ஒற்றைச் சொல் இன்று முதல் இங்கே தடை செய்யப்படுகிறது!

— அட்ரியன் பாஸ், பிரிவுல நாம ரெண்டு பேர்தான் இருக்கோம். யாருக்கு இந்த மேடைப் பேச்சு? சிங்கப்பூர்ல ரெண்டு நாள் கோர்ஸ் போனதுக்கே இப்படியா?

— வாயை மூடு. காலையில தம்போய்ல நாப்பது பேரை ரோட்ல விட்டுட்டு ஃபேக்டரி பஸ் நிக்காமலே போயிருக்கு. டிரைவர் டேப்லெட்ல ஓடுற நம்ம புரோகிராம்ல அந்த ஸ்டாப்பே இல்ல! யார் எடுத்தது?

— நான்தான்.

— கவனிக்க! குற்றவாளியே ஒப்புக்கொள்கிறார். உன் மெசேஜ் லட்சணத்தைக் கேளு: ‘ஃபிக்ஸ்.’ ‘ஃபிக்ஸ் லா.’ ‘இப்ப சரி.’ வெக்கமா இல்ல?

— அதெல்லாம் நேத்து சாயந்திரம் பட்டன் கலர் மாத்தினது, பாஸ். நீங்கதான் மூணு தடவ மாத்த வெச்சீங்க.

— பேசு, பேசு. உன் வேலைநீக்கக் கடிதம் ஒரு மணி நேரத்துக்கு முன்னாலேயே மேனேஜர் குணாளன் கையெழுத்துக்குப் போய்விட்டது. கமிட் பட்டியல் மொத்தத்தையும் ஆதாரமாக இணைத்திருக்கிறேன்.

— மொத்தத்தையுமா? படிச்சீங்களா?

— மேல மூணு வரி போதாது?

— நாலாவது, நேத்து காலையில போட்டது. சத்தமா படிங்க.

— ‘தம்போய் நிறுத்தம் நீக்கப்பட்டது.’ பாத்தியா, இப்படி எழுதணும்! ‘காரணம்: பஸ் தினமும் அட்ரியன் பாஸ் வீட்டு கேட்டை மறைக்குது. அவரு காரை வெளிய...’

— ஏன் நிறுத்திட்டீங்க? இன்னும் இருக்கு.

— ‘...எடுக்க முடியலையாம். ஆளுங்க அடுத்த ஸ்டாப்புக்கு நடக்கட்டும்னாரு. வேணாம்னு சொன்னேன். எடுக்கலன்னா உனக்கு வேலை இல்லன்னாரு.’ அய்யோ, அலமாக்! இதையெல்லாமா எழுதுவாங்க?

— எதை, ஏன். முழுமையா.

— அழி அதை! சும்மா ‘ஃபிக்ஸ்’னு போடு!

— அது தடை செஞ்ச சொல்லு, பாஸ்.

— பிரவீனா, ப்ளீஸ் லா. குணாளன் மீட்டிங்ல இருப்பாரு, இன்னும் பாத்திருக்க மாட்டாரு.

— இப்பத்தான் பதில் வந்துச்சு. ரெண்டு பேருக்கும் போட்டிருக்காரு.

— என்னன்னு எழுதியிருக்காரு?

— ‘ஃபிக்ஸ்.’ கடிதத்துல பேரை மட்டும் மாத்தியிருக்காரு.