குகனின் கல்

— சாமித்தட்டில இருந்து அந்தப் படத்தை எடுக்காதை எண்டு சொன்னனான், வினுஷா.

— ஒரு நாளைக்குத்தான் அப்பா. நாளைக்கு வகுப்பில காட்டிப்போட்டுத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கிறன்.

— உன்ர அண்ணன் குகன்ர நடுகல்லு அந்தப் பிள்ளையளுக்கு என்னத்துக்கு? நீ லிங்கன்ர பேச்செல்லோ படிப்பிக்கிறாய், டீச்சர் அம்மா?

— லிங்கன் அதை எங்க நிண்டு பேசினவர் எண்டு நினைக்கிறியள்? சண்டையில செத்த பெடியளைத் தாட்ட மயானத்தில. அவர் பேசேக்க பாதிப்பேரைக்கூடத் தாட்டு முடியேல்ல. கனபேருக்குப் பேரே தெரியாது.

— எவ்வளவு நேரம் பேசினவர்?

— ரெண்டு மூண்டு நிமிசம்.

— எங்கட கோயில் தலைவருக்கு மைக்கைத் தட்டிப் பாக்கவே அது காணாது.

— பகிடியை விடுங்கோ. அந்தப் பேச்சு அவற்ர கையெழுத்தில ஐஞ்சு பிரதி இருக்கு. ஐஞ்சும் ஒண்டுக்கொண்டு வித்தியாசம். அதைத்தான் பிள்ளையளுக்குக் குடுக்கிறன். புத்தகத்தை மூடு, மூல ஆவணத்தைப் பார். ஆர் எழுதினது, எப்ப, ஆருக்காக, என்னத்தை மறைக்குது? தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்.

— பொலிஸ் விசாரணை மாதிரிக் கிடக்கு.

— அங்க இண்டைக்கும் புல்லு வெட்டிப் பூ வைக்கினம். எங்கட பெடியளின்ர கல்லுகளை ஆமிக்காரர் டோசர் விட்டு இடிச்சாங்கள். அண்ணாவுக்கு மிஞ்சினது இந்தப் படம் ஒண்டுதான். உங்கட நாட்டுச் சண்டையை வகுப்புக்குள்ள கொண்டு வராதையுங்கோ எண்டு எங்கட பள்ளிக்கூட ஹெட் சொல்லுறா. அமெரிக்காக்காரன்ர செத்தவீட்டை நான் படிப்பிக்கலாம், என்ர வீட்டைப் பற்றி வாய் திறக்கக் கூடாதாம். கொண்டுதான் போவன்.

— வேண்டாம் பிள்ளை. கும்பிட்டுக் கேக்கிறன்.

— ஏன் படத்தைப் பிடிச்சு இழுக்கிறியள்?

— செவன் ஹில்ஸ் கிடங்கில பத்து மணித்தியாலம் ஃபோர்க்லிஃப்ட் ஓடிப்போட்டு வந்து நிக்கிறன், உன்னோட இழுபட ஏலாது.

— சரி, சரி. படம் வீட்டிலயே இருக்கட்டும். போனில ஒரு பிரதி எடுக்கிறன்... கண்ணாடியில லைட் அடிக்குது, ஃபிரேமால கழட்டுறன்... ஓம், இப்ப வடிவா விழுகுது. பேர் மாலைக்குள்ள மறைஞ்சு போச்சு. பெருப்பிச்சா கீழ திகதி தெரியுது. அப்பா, இதில இரண்டாயிரத்து ஒண்டு எண்டு கிடக்கு.

— கல்லு வெட்டினவன் பிழை விட்டிருப்பான்.

— அண்ணா செத்தது இரண்டாயிரத்து ஏழில. இரண்டாயிரத்து ஒண்டில எனக்குச் சைக்கிள் பழக்கினவர். கரியரைப் பிடிச்சுக்கொண்டு பின்னால ஓடி வந்தவர். இது ஆற்ற கல்லு?

— தெரியாது.

— மாலையைப் போட்டுப் பேரை மறைச்சது ஆர்?

— நான்தான். நீயும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில, நானும் அவனும் வன்னியில. சண்டையால பாதை பூட்டிக் கிடந்தது. அவன்ர உடம்பு வரேல்ல, பிள்ளை. கல்லுப் பிறகு வைப்பம் எண்டு இயக்கத்தில சொன்னவை. கொம்மா கடிதத்துக்குக் கடிதம், பிள்ளையின்ர கல்லைப் பாக்கோணும் எண்டு கேட்டவ. துயிலுமில்லத்தில ஆரோ ஒரு பிள்ளையின்ர கல்லு பூ இல்லாமல் கிடந்தது. படம் எடுத்து ஒரு சேர்ச் பாதரிட்டக் குடுத்தனுப்பினன்.

— பதினெட்டு வருசம்! ஒவ்வொரு கார்த்திகையும் அம்மா இதுக்கு முன்னால விளக்குக் கொளுத்தி அழுறா. நீங்கள் பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டிருந்தனீங்கள்.

— ஓம். விளக்கு அணையாமல் கையாலும் மறைச்சுப் பிடிச்சனான். அவவுக்கு நிண்டு அழ ஒரு இடம் வேணும். எனக்கு மட்டும் வேண்டாமே? நானும் இதைத்தான் அவன் எண்டு பாத்தனான்.

— அம்மா வேலையால வரட்டும். சொல்லத்தான் போறன்.

— சொன்னா, அவவின்ர பிள்ளை இண்டைக்கு ரெண்டாந்தரம் சாவான். உன்ர லிங்கனை என்ன வேணுமெண்டாலும் கிண்டு. இதைத் தா, ஃபிரேமுக்குள்ள வைப்பம்.

— நில்லுங்கோ. பின்பக்கம் ஏதோ எழுதிக் கிடக்கு. அம்மான்ர கையெழுத்து.

— என்னவாம்? எனக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது. வாசி.

— “2007 மார்கழி 3. இன்று படம் கிடைத்தது. இது குகனுடைய கல் இல்லை, திகதி வேறு. படம் எடுத்த என் மனுசனிடம் கேட்க மாட்டேன், தாங்க மாட்டார். இந்தப் பிள்ளையின் தாய்க்கும் எங்கேயோ பாதை பூட்டித்தான் இருக்கும். அவவுக்குப் பதிலாக நான் கொளுத்துகிறேன்.”